மஞ்சப்பையில் இருந்த இன்னொரு மாத்திரை

கோ-ட்ரைமாக்சசோல் என்று சொன்னால் பலருக்கும் தெரியாது. செப்ட்ரான் என்றோ, பாக்ட்ரிம் என்றோ, வெறுமனே சல்ஃபா மாத்திரை என்றோ சொன்னால் 50 வயதைக் கடந்தவர்கள் உடனே தலையசைப்பார்கள். வயிற்றுப்போக்கு, நீர்க்கடுப்பு, காதில் சீழ் என்று எல்லாவற்றுக்கும் ஒரு காலத்தில் அள்ளிக் கொடுக்கப்பட்ட மாத்திரை அது. மதுரையில் ஒரு மருத்துவமனையின் மருந்தகத்தில் 16 ஆண்டுகளாக வேலை பார்க்கும் நானும் அதைப் பழைய மருந்து, அதிகம் யோசிக்கத் தேவையில்லாத மருந்து என்றுதான் மனத்தில் வைத்திருந்தேன். கடந்த ஓராண்டாக என் பெரியப்பா அதே மாத்திரையை நாள்தோறும் இரண்டு வேளை சாப்பிட்டு வருகிறார். வெட்டி எடுக்க வேண்டும் என்று சொல்லப்பட்ட அவருடைய காலை அந்த மாத்திரை காப்பாற்றியது. இடையில் ஒரு வாரம் அவருடைய உயிரையே கேள்விக்குள்ளாக்கவும் செய்தது. இந்த இரண்டும் எப்படி நடந்தன என்பதையும், இரண்டாவதில் என்னுடைய பங்கு என்ன என்பதையும் எழுதி வைக்க விரும்புகிறேன்.

பெரியப்பாவுக்கு 64 வயது. பேரையூர்ப் பக்கம் கரிசல் காட்டில் பருத்தியும் சோளமும் விதைத்தவர். இப்போது சில ஆடுகளை ஓட்டிக்கொண்டு திரிகிறார். செருப்புப் போடும் பழக்கம் அவருக்கு ஒருநாளும் இருந்ததில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு வலது உள்ளங்காலில் ஏறிய சீமைக் கருவேல முள்ளை ஊக்கால் நெம்பி எடுத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அந்த இடம் மெதுவாகத் தடித்தது. பிறகு வீங்கியது. அடுத்த ஆண்டு அங்கங்கே புரையோடிச் சின்னச் சின்ன வாய்கள் திறந்துகொண்டன. ஆனால் வலி இல்லை. "வலிச்சாத்தான வர்றது? சும்மா வீங்கிக் கெடக்கு, அம்புட்டுத்தான்" என்று கடந்த ஆண்டு மாசி மாதத்தில் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவர் சொன்னபோது, அந்தக் காலைப் பார்த்து எனக்கு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை. பாதம் இரண்டு மடங்காகப் பருத்திருந்தது. ஊரில் அதை யானைக்கால் என்றுதான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அது யானைக்கால் அல்ல. மருத்துவர்கள் அதை 'மதுரா ஃபுட்' என்கிறார்கள். மதுரைக் கால் என்றே சொல்லலாம். நம் ஊரின் பெயரை ஒரு நோய் உலகமெங்கும் சுமந்துகொண்டு திரிகிறது என்பது மதுரைக்காரர்கள் பலருக்கே தெரியாது. 1842இல் மதுரையின் மருத்துவ நிலையத்தில் பணியாற்றிய ஜான் கில் என்ற மருத்துவர் இத்தகைய கால்களைப் பற்றி முதலில் எழுதினார். அதன் பிறகு பம்பாயில் இருந்த வான்டைக் கார்ட்டர் இதை விரிவாக ஆராய்ந்து, பூஞ்சையால் வரும் கட்டி என்று பொருள்படும்படி மைசிட்டோமா என்று பெயரிட்டார். இந்த நோயை உண்டாக்கும் நுண்ணுயிர்களில் ஒன்றுக்கு ஆக்டினோமடூரா மடூரே என்று பெயர்; அதிலும் நம் ஊர் இரண்டு முறை வருகிறது. 2016இல் உலக சுகாதார அமைப்பு இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. புறக்கணிக்கப்பட்ட என்ற சொல் பொருத்தமானது என்றே நினைக்கிறேன், ஏனென்றால் இது வெறுங்காலோடு காட்டில் நடப்பவர்களுக்கு வரும் நோய். அவர்களும் வலி வரும்வரை யாரிடமும் போவதில்லை.

கார்ட்டர் வைத்த பெயரில் ஒரு சிக்கல் இருக்கிறது. இந்த நோய் பூஞ்சையாலும் வரலாம், பாக்டீரியாவாலும் வரலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு கால்களும் ஒன்றுபோலத்தான் இருக்கும்: வீக்கம், புரைவாய்கள், அவற்றிலிருந்து வெளிவரும் குருணைகள். ஆனால் பூஞ்சை வகைக்கு நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து எதுவும் வேலை செய்யாது. பூஞ்சை மருந்தை நீண்ட காலம் கொடுத்து, பெரும்பாலும் அறுவை சிகிச்சையும் செய்ய வேண்டியிருக்கும். பாக்டீரியா வகையோ சரியான மாத்திரைக்கு அழகாக அடங்கும். பெரியப்பாவுக்கு முன்பே இரண்டு இடங்களில் ஐந்து நாள், ஏழு நாள் என்று அமாக்சிசிலின் கொடுத்திருக்கிறார்கள். ஓரிடத்தில் கணுக்காலுக்கு மேல் எடுத்துவிடுவது நல்லது என்று சொல்லியிருக்கிறார்கள். எந்த வகை என்று பார்க்காமலே சொன்ன அந்த வார்த்தையால்தான் அவர் ஓராண்டு எந்த மருத்துவரிடமும் போகாமல் இருந்தார் என்பது பின்னால்தான் எனக்குத் தெரியவந்தது. எனக்கு இன்றுவரை ஆறாத வருத்தம் அது.

எங்களுக்கு வாய்த்த தோல் மருத்துவர் பொறுமைசாலி. முதல் நாள் எந்த மருந்தும் எழுதவில்லை. புண்ணைச் சுத்தம் செய்து, உப்புநீரில் நனைத்த காஸ் துணியைப் புரைவாய்கள்மேல் வைத்துக் கட்டி, மறுநாள் காலையில் பிரித்துப் பார்க்கலாம் என்றார். மறுநாள் அந்தத் துணியை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கசகசாவைத் தூவினாற்போல வெளுத்த சின்னஞ்சிறு குருணைகள் அதில் ஒட்டியிருந்தன. ஒன்றை ஊசி முனையால் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒரு சொட்டு விட்டு நசுக்கி, நுண்ணோக்கியில் என்னையும் பார்க்கச் சொன்னார். பூஞ்சையாக இருந்தால் தடித்த இழைகள் தெரியுமாம். எனக்குத் தெரிந்தவை, ஒரு மைக்ரான் அளவுகூட இல்லாத மெல்லிய நூல்கள், சிக்கெடுக்காத தலைமுடியைப் போல. கருப்புக் குருணை என்றால் அது பூஞ்சைதான் என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லிவிடலாம், சிவப்பு என்றால் பாக்டீரியா, வெள்ளை என்றால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம், அதனால் வெள்ளைக்கு நுண்ணோக்கி கட்டாயம் என்றார். தசையிலிருந்து ஆழமாக எடுத்த துண்டின் முடிவும் வளர்ப்புச் சோதனையின் முடிவும் வந்தபோது பாக்டீரியா என்பது உறுதியாயிற்று. எம்.ஆர்.ஐ. படத்தில் எலும்பு பெரிதும் கெடவில்லை. காலை எடுக்க வேண்டியதில்லை.

அவர் எழுதிய சீட்டில் முதல் வரி கோ-ட்ரைமாக்சசோல்.

இது ஒரே மாத்திரைக்குள் இரண்டு மருந்துகளைக் கொண்டது. சாதாரண மாத்திரையில் ட்ரைமெத்தோப்ரிம் 80 மில்லிகிராம், சல்ஃபாமெத்தாக்சசோல் 400 மில்லிகிராம், டி.எஸ். என்று அட்டையில் போட்டிருப்பதில் 160, 800. எப்போதும் ஒன்றுக்கு ஐந்து. ட்ரைமெத்தோப்ரிம் உடலின் திசுக்களுக்குள் அதிகம் பரவிவிடுவதால் ரத்தத்தில் அந்த விகிதம் ஏறத்தாழ ஒன்றுக்கு இருபதாக மாறிவிடுகிறது. அந்த விகிதத்தில்தான் இரண்டும் சேர்ந்து மிக நன்றாக வேலை செய்யும் என்பதை அறிந்தே மாத்திரையை அப்படி அமைத்திருக்கிறார்கள். பாக்டீரியா உயிர்வாழவும் பெருகவும் ஃபோலேட் என்ற சத்து தேவை. நாம் அதைக் கீரையிலும் பயறு வகையிலும் இருந்து பெறுகிறோம். பெரும்பாலான பாக்டீரியாக்கள் வெளியிலிருந்து எடுத்துக்கொள்ள முடியாமல் தாமே தயாரித்துக்கொள்கின்றன. அந்தத் தயாரிப்பை ஒரு வாய்க்கால் என்று வைத்துக்கொண்டால், சல்ஃபா மேல்மடையை அடைக்கிறது, ட்ரைமெத்தோப்ரிம் கீழ்மடையை அடைக்கிறது. ஒன்றை மட்டும் அடைத்தால் நீர் எப்படியாவது கசிந்து வந்துவிடும். மேல்மடை நம் உடலில் கிடையவே கிடையாது. கீழ்மடை நமக்கும் உண்டு. ஆனால் மனித உடலில் உள்ள நொதியை ட்ரைமெத்தோப்ரிம் பாக்டீரியாவின் நொதியைவிடப் பல்லாயிரம் மடங்கு குறைவாகவே பற்றுகிறது. இந்த வேறுபாட்டை நம்பித்தான் மருந்தே நிற்கிறது. ட்ரைமெத்தோப்ரிம் பிறந்த ஆய்வகத்தை நடத்திய ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் அவருடன் பணியாற்றிய கெர்ட்ரூட் எலியனும் 1988இல் நோபல் பரிசு பெற்றவர்கள். இரண்டும் சேர்ந்த மாத்திரை 1968இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது.

மதுரைக் காலுக்கு இதைக் கொடுக்கும் முறை, சிறுநீர்த் தொற்றுக்கு மூன்று நாள் கொடுப்பதைப் போன்றதல்ல. மெக்சிகோவைச் சேர்ந்த தோல் மருத்துவர் ஒலிவேரியோ வெல்ஷ் வகுத்த முறையில், எடையில் கிலோவுக்கு ட்ரைமெத்தோப்ரிம் 7 மில்லிகிராம், சல்ஃபா 35 மில்லிகிராம் என்று நாள்தோறும் கணக்கிட்டு, அதனுடன் அமிக்காசின் என்ற நுண்ணுயிர் எதிர்ப்பு ஊசியை 21 நாள் போட்டு, இடைவெளி விட்டுத் தேவைக்கேற்ப மீண்டும் தொடர்கிறார்கள். பெரியப்பாவின் எடை 46 கிலோ. கணக்குப் போட்டால் டி.எஸ். மாத்திரை காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று சரியாக வந்தது. ஊசிச் சுற்றுகள் முடிந்த பிறகும் மாத்திரை மாதக்கணக்கில் தொடரும். அமிக்காசின் சிறுநீரகத்தையும் காதையும் பாதிக்கக்கூடியது என்பதால் ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் ரத்தப் பரிசோதனையும் கேட்கும் திறன் சோதனையும் செய்தார்கள். ஊசியின்மேல் எல்லோருக்கும் பயம் இருந்தது. மாத்திரையின்மேல் யாருக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

இங்கேதான் என் பிழை வருகிறது. நோயாளி ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகளைப் பட்டியலிட்டு மருத்துவரிடம் கொடுப்பது என் அன்றாட வேலை. பெரியப்பாவிடம் "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா பெரியப்பா?" என்று கேட்டேன். "ஒண்ணும் இல்லையே" என்றார். அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டேன். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாதாமாதம் வீட்டுக்கே வரும் ரத்த அழுத்த மாத்திரையை அவர் மாத்திரைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய் வாங்குவதுதான் அவரைப் பொறுத்தவரை மருந்து. வீட்டுக்கு வருவது அரிசி, பருப்பு மாதிரி. மருத்துவர் அழுத்தம் பார்த்தபோது சரியாக இருந்தது. மாத்திரை சாப்பிடுவதால்தான் சரியாக இருக்கிறது என்று அங்கிருந்த யாருக்கும் தோன்றவில்லை. கேள்வியை வேறு விதமாக நான் கேட்டிருக்க வேண்டும். அது எனலாப்ரில் மாத்திரை.

மாத்திரை தொடங்கி ஒன்பதாம் நாள், சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்த நேரம். கால் சரியாகிறது என்று கேள்விப்பட்டு உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்க வெறுங்கையோடு யாரும் வருவதில்லை. வெயில் காலத்தில் அந்தக் கையில் இளநீர்தான் இருக்கும். நாளுக்கு மூன்று இளநீர், சில நாள் நான்கு. அன்று மாலை படுக்கையிலிருந்து எழுந்து கழிவறைக்குப் போக முயன்றவர், கால் இரண்டும் துவள்கின்றன என்று மறுபடி உட்கார்ந்துவிட்டார். ஊசி போட்டுப் போட்டுக் களைத்துப்போயிருக்கும் என்று பெரியம்மா சொன்னார். இரவுப் பணியில் இருந்த செவிலியர் நாடித் துடிப்பு குறைவாக இருப்பதைப் பார்த்து இ.சி.ஜி. எடுத்தார். அந்தத் தாளில் 'டி' அலைகள் கூர்கூராக, கூடாரம் அடித்ததைப் போல எழுந்து நின்றன. ரத்தத்தில் பொட்டாசியம் 6.4. இருக்க வேண்டியது 3.5இலிருந்து 5 வரை.

கால்சியம் குளுக்கோனேட், குளுக்கோஸுடன் இன்சுலின், இடைவிடாத இ.சி.ஜி. கண்காணிப்பு என்று அந்த இரவு கழிந்தது. அதிகாலை மூன்று மணிக்குப் பெரியம்மா, பொட்டாசியம் கூடுவதற்கு அவர் அப்படி என்ன சாப்பிட்டார் என்று கேட்டபடி, வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த மஞ்சப்பையைக் கவிழ்த்துக் காட்டினார். துண்டு, வெற்றிலைப் பொட்டலம், கண்ணாடி, அவற்றுக்கு நடுவே பாதி பிரித்த எனலாப்ரில் அட்டை. வார்டில் இருந்த ஒன்பது நாளும் அவர் அதைத் தவறாமல் சாப்பிட்டிருக்கிறார்.

ட்ரைமெத்தோப்ரிமின் அதிகம் பேசப்படாத குணம் இது. சிறுநீரகத்தின் கடைசிக் குழாய்ப் பகுதியில் சோடியம் உள்ளே வரும் வழியை அது அடைக்கிறது. சோடியம் வராவிட்டால் பொட்டாசியம் வெளியேறாது. அமிலோரைடு என்ற சிறுநீர் பெருக்கி மருந்து செய்யும் அதே வேலையை இந்த நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தும் செய்துவிடுகிறது. எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்ட்டன், டெல்மிசார்ட்டன் ஆகியவையும் வேறு வழியில் பொட்டாசியத்தை உள்ளே தேக்குபவை. ஸ்பைரனோலாக்டோனும் அப்படியே. இவற்றில் ஒன்றும் ட்ரைமெத்தோப்ரிமும் சேர்ந்தால், அதிலும் நோயாளி வயதானவராகவோ சிறுநீரகம் சற்றே தளர்ந்தவராகவோ இருந்தால், சில நாட்களுக்குள்ளேயே பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் முதியவர்களின் மருத்துவப் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு 2010இல் வெளிவந்தது. எனலாப்ரில் போன்ற மருந்துகளையோ லோசார்ட்டன் போன்றவற்றையோ சாப்பிடுபவர்களுக்குக் கோ-ட்ரைமாக்சசோல் கொடுத்தபோது, அமாக்சிசிலின் கொடுத்தபோது இருப்பதைவிட, பொட்டாசியம் ஏறி மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு ஏறத்தாழ ஏழு மடங்கு அதிகமாக இருந்ததை அது காட்டியது. 2014இல் அதே மாகாணத்திலிருந்து வந்த இன்னொரு ஆய்வு, இதே இணைப்பைத் திடீர் மரணத்தோடும் தொடர்புபடுத்தியது. தெரியாத செய்தி அல்ல. நானே பயிற்சி வகுப்பில் இதைக் கேட்டிருக்கிறேன். ஆனால் எனலாப்ரில் இருப்பது தெரிந்திருந்தால் மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ பொட்டாசியம் பார்த்திருப்பார்கள். பட்டியலில் அது இல்லாததால் முதல் பரிசோதனையைப் பத்தாம் நாளுக்கு வைத்திருந்தார்கள்.

இளநீரின் மேல் மொத்தப் பழியையும் போட்டுவிட முடியாது. ஆனாலும் 100 மில்லி இளநீரில் ஏறத்தாழ 200 முதல் 250 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது, ஒரு காயில் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. நல்ல சிறுநீரகம் அதை அன்றே வெளியேற்றிவிடும். வாசலை இரண்டு மருந்துகள் சேர்ந்து அடைத்து வைத்திருக்கும்போது உள்ளே வருவதெல்லாம் தங்கத்தான் செய்யும். சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதிலும் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடுதான் கலந்திருக்கிறது என்பதையும், ரத்த அழுத்தக்காரர்கள்தான் அதைத் தேடி வாங்குகிறார்கள் என்பதையும் இந்த இடத்தில் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எனலாப்ரிலை நிறுத்தி மருத்துவர் அம்லோடிபின் கொடுத்தார். கோ-ட்ரைமாக்சசோலையும் நான்கு நாள் நிறுத்தி, பொட்டாசியம் 4.5க்கு இறங்கிய பிறகு மறுபடி தொடங்கினார். மறுபடி தொடங்கலாமா என்று வீட்டில் பெரிய விவாதம் நடந்தது. "கொல்லப் பாத்த மாத்திரையையே திரும்பக் குடுக்கணுமா?" என்று பெரியம்மா கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் இந்தக் காலுக்கு இதைவிடப் பொருத்தமான மாத்திரை வேறு இல்லை, ஆபத்து மாத்திரையில் மட்டும் இல்லாமல் அது இன்னொன்றோடு சேர்ந்ததில் இருந்தது, சேர்ந்ததைப் பிரித்தாயிற்று. மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் பிறகு வாரந்தோறும் பொட்டாசியம் பார்த்தார்கள். அதன் பிறகு அது 5ஐத் தாண்டவே இல்லை.

இன்னொரு பயமும் இடையில் வந்து போயிற்று. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை எண்ணான கிரியாட்டினின் 0.9இலிருந்து 1.2 ஆனபோது, நம் ஊர் வழக்கில் சொன்னால், உப்பு ஏறிவிட்டது, கிட்னி போய்விட்டது என்று அண்ணன் பதறிக்கொண்டு தொலைபேசியில் அழைத்தார். ட்ரைமெத்தோப்ரிம், கிரியாட்டினினைச் சிறுநீரகக் குழாய்கள் வெளியே தள்ளும் வழியையும் கொஞ்சம் அடைப்பதால், சிறுநீரகம் கெடாமலே அந்த எண் சற்று உயரும். மருந்தை நிறுத்தினால் இறங்கிவிடும். யூரியா கூடாமல் கிரியாட்டினின் மட்டும் சிறிது கூடியிருந்தால் பெரும்பாலும் அதுதான் காரணம். ஆனால் அமிக்காசினும் சேர்ந்து போய்க்கொண்டிருந்த காலத்தில் அது அந்தச் சிறு ஏற்றம்தானா, உண்மையான பாதிப்பா என்று பிரித்துப் பார்க்க மருத்துவர் இரண்டு நாள் இடைவெளியில் மீண்டும் பரிசோதனை செய்தார். எண்ணைப் பார்த்து நாமே மருந்தை நிறுத்திவிடுவதும் தவறு, வழக்கமாக ஏறுவதுதான் என்று நாமே முடிவுகட்டிக்கொண்டு விடுவதும் தவறு.

சல்ஃபா பகுதியின் ஆபத்து வேறு வகை. அது தோலில் வரும். சாதாரணத் தடிப்பும் அரிப்பும் பலருக்கு வரும், போய்விடும். ஆனால் மிகச் சிலருக்கு ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய் வரும். உடம்புத் தோலே வெந்ததைப் போல உரியும். என் வேலையில் நான் பார்த்த ஒரு பெண்ணை மறக்க முடியவில்லை. முதல் அறிகுறி தோலில் வரவில்லை. காய்ச்சலும் கண் எரிச்சலும் வாய்ப்புண்ணும்தான் முதலில் வந்திருக்கின்றன. வெயில் சூடு என்று நினைத்து மோர் குடித்துக்கொண்டு மாத்திரையையும் தொடர்ந்திருக்கிறார். இரண்டு நாள் கழித்து மார்பில் செம்புள்ளிகள் வந்து, தொட்டால் வலித்து, கொப்புளமாக மாறியபோதுதான் கூட்டிவந்தார்கள். இதற்கு முன்பே ஒரு முறை இதே மருந்துக்கு உடம்பெல்லாம் தடித்தது என்பதை அவர் அம்மா அப்போதுதான் நினைவுகூர்ந்தார். பிழைத்துக்கொண்டார், ஆனால் கண்ணில் பாதிப்பு நின்றுவிட்டது. பெரும்பாலும் மாத்திரை தொடங்கிய முதல் நான்கு வாரங்களுக்குள் இது வருகிறது. அந்தக் காலத்தில் காய்ச்சலோடு கண்ணோ வாயோ எரிந்தால், தோல் வலித்தால், அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். ஒரு முறை வந்தவர் வாழ்நாள் முழுதும் இந்த மருந்தைத் தொடக்கூடாது. அந்தப் பெண்ணுக்கு "சல்ஃபா ஆகாது" என்று தமிழில் பெரிதாக எழுதிய அட்டையைப் பணப்பையில் வைத்துக்கொள்ளக் கொடுத்தோம்.

ரத்த அணுக்களின் கணக்கு இன்னொன்று. கீழ்மடை நமக்கும் உண்டு என்றேன் அல்லவா, மாதக்கணக்கில் சாப்பிடும்போது அந்தச் சிறு அடைப்பும் எலும்பு மஜ்ஜையில் தெரியத் தொடங்கும். வெள்ளணுக்களும் தட்டணுக்களும் குறையலாம். பெரியப்பாவுக்கு ஃபோலிக் அமில மாத்திரையும் மாதம் ஒரு ரத்த அணுச் சோதனையும் இதற்காகத்தான். மூட்டுவாதத்துக்கோ சொரியாசிஸுக்கோ வாரம் ஒரு முறை மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுபவர்களுக்கு இது மிகவும் கவலைக்குரியது, ஏனென்றால் அதுவும் அதே மடையை அடைக்கும் மருந்து. இரண்டும் சேர்ந்து மஜ்ஜை நின்றுபோய் உயிரிழந்தவர்கள் உண்டு. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு ரத்தம் அளவுக்கு மீறி இளகிவிடலாம். கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற சுகர் மாத்திரைகளோடு சேர்ந்தால் சர்க்கரை திடீரென இறங்கலாம். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களிலும் பிரசவத்துக்கு முந்தைய வாரங்களிலும், பிறந்து ஆறு வாரம் நிரம்பாத குழந்தைக்கும் இதைத் தவிர்க்கிறார்கள். சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பி.டி. என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு அந்த அணுக்கள் உடையக்கூடும். தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்வது சல்ஃபா சிறுநீரில் படிகமாகக் கட்டாமல் இருப்பதற்காக.

இவ்வளவையும் படித்துவிட்டு யாரும் இதை மோசமான மருந்து என்று எண்ணிவிடக்கூடாது என்பதில் எனக்குக் கவலை இருக்கிறது. எச்.ஐ.வி. உள்ளவர்களை நியூமோசிஸ்டிஸ் நிமோனியாவிலிருந்து காக்க நாள்தோறும் ஒன்று என்று கொடுப்பது இதைத்தான். சிறுநீரக மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் இதுவே காவல். வயல் மண்ணிலும் தண்ணீரிலும் இருந்து சர்க்கரை நோயாளிகளைத் தாக்கும் மெலியாய்டோசிஸில், ஊசி மருந்து முடிந்த பிறகு நோய் திரும்பாமல் இருக்க மூன்று மாதம் கொடுப்பதும் இதையே. ஒரு மாத்திரை ஒரு டீயின் விலையைவிடக் குறைவு. ஆனால் நம் ஊர் மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் "நீர்க்கடுப்புக்கு ரெண்டு மாத்திரை குடுங்க" என்று வாங்கிப் போனதன் விளைவாக, சிறுநீர்த் தொற்றை உண்டாக்கும் ஈ.கோலை கிருமிகளில் பெரும்பங்கு இதற்கு அடங்குவதில்லை. அட்டையில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருக்கிறதே, மருத்துவர் எழுதினால் மட்டுமே வாங்க வேண்டும் என்று 2016இல் மத்திய சுகாதார அமைச்சகம் மக்களுக்கு எடுத்துச் சொல்லத் தொடங்கிய அடையாளம் அது. கடைக்கு வருபவர்களில் எத்தனை பேர் அந்தக் கோட்டைப் பார்க்கிறார்கள் என்று கேட்டால், என் அனுபவத்தில் மிகக் குறைவு.

இப்போதெல்லாம் நான் யாரிடமும் "வேறு மாத்திரை சாப்பிடுகிறீர்களா" என்று கேட்பதில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த பையை எடுத்து மேசைமேல் கவிழ்க்கச் சொல்கிறேன். வீட்டுக்கு யாராவது மாத்திரை கொண்டுவந்து தருகிறார்களா, பிரஷருக்கு என்ன, சுகருக்கு என்ன, மூட்டு வலிக்கு வாரம் ஒரு முறை போடுவது ஏதாவது உண்டா, நாட்டு மருந்து உண்டா, நாளுக்கு எத்தனை இளநீர் என்று தனித்தனியாகக் கேட்கிறேன். வரிசையில் நிற்பவர்கள் சிலர் முணுமுணுக்கிறார்கள். ஆனாலும் நான் கேட்பதை நிறுத்துவதில்லை.

பெரியப்பாவின் கால் ஏறத்தாழ மற்றக் காலின் அளவுக்கு இறங்கிவிட்டது. புரைவாய்கள் மூடிய இடங்களில் கருத்த குழிகள் மட்டும் இருக்கின்றன. மகன் வாங்கிக் கொடுத்த டயர்ச் செருப்பை மாட்டிக்கொண்டுதான் ஆடு ஓட்டப் போகிறார். கடிக்கிறது என்று குறை சொல்லிக்கொண்டேதான். போன வாரம் மருத்துவர், கடைசியாக மூடிய புரைவாயின்மேல் மறுபடியும் நனைத்த காஸ் துணியை வைத்துக் கட்டி, மறுநாள் வரச் சொன்னார். காலையில் பிரித்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தோம், மருத்துவரும் நானும் மாறி மாறி. ஒரு குருணைகூட இல்லை. இருந்தாலும் மாத்திரையை இன்னும் சில மாதம் தொடர வேண்டும் என்று எழுதினார், பாதியில் விட்டால் இது திரும்பி வரும் என்பதால். பெரியப்பா சீட்டை வாங்கி மடித்து, கீழே வைத்திருந்த மஞ்சப்பையை எடுத்து, நான் கேட்பதற்கு முன்பே என் முன்னால் கவிழ்த்தார்.